மாமா விட்ட கோழியும் விடாத பாக்கும்

எங்கள் மாமா பிராய்லர் கோழியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோதான் காரணம். கோழி சாப்பிட்டால் புற்றுநோய் வருமாம். அதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் சீவல் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார். கேட்டால், “புகையிலைதான்டா கெடுதல், வெறும் பாக்கு என்ன பண்ணும்?” என்பார்.

வெறும் பாக்கும் பண்ணும். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. வருடக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகும். முதலில் காரக்குழம்பு பட்டாலே எரியும், பிறகு வாயை அகலத் திறக்க முடியாது. சிலருக்கு இது புற்றாக மாறும். கண்ணாடி முன் நின்று ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். மூன்றும் நுழையாவிட்டாலோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் வைக்கும் கோழிக்குழம்பு அந்த முகமையின் பட்டியலில் இல்லை. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சிதான் 2015இல் அதில் ஏறியது, அதுவும் சிகரெட் இருக்கும் அதே முதல் பிரிவில். உடனே பலர் பதறினார்கள். ஆனால் அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை, ஆபத்து எவ்வளவு என்பதை அல்ல. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. 100 பேரில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது 6 பேர் ஆகும். மதுவும் அந்த முதல் பிரிவில்தான். பீரானாலும் பிராந்தியானாலும் உள்ளே இருப்பது ஒரே எத்தனால்.

நாம் அதிகம் பேசாத இன்னொன்று தொப்பை. மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்று, கருப்பை, பெருங்குடல், கல்லீரல் என்று 13 வகைப் புற்றுநோய்களோடு உடல் பருமனுக்குத் தொடர்பு உண்டு. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, இன்சுலினை ஏற்றிவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் மார்பக, பெருங்குடல் புற்று வாய்ப்பு குறைகிறது. “வீட்டு வேலையே போதும்” என்கிறீர்களா? மூச்சு வாங்கினால் அதுவும் கணக்குதான்.

நோய் வந்த வீட்டில் நடப்பது இன்னும் கொடுமை. சர்க்கரை புற்றுக்குத் தீனி, முட்டை ஆகாது என்று ஆளாளுக்குச் சொல்ல, கீமோ ஏற்றிக்கொள்கிறவர் கஞ்சியோடு நின்று எலும்பும் தோலுமாகிறார். அவருக்கு அப்போதுதான் புரதம் அதிகம் தேவை. ‘இந்தச் சாறு குடித்தால் கட்டி கரையும்’ என்று விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். அந்தத் தடைச் சட்டம் வந்தது 1954இல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய அதே ஆண்டு. அப்படி விளம்பரம் கண்ணில் பட்டால் படம் எடுத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தின்பண்டத்தில் சந்தேகம் வந்தாலும் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி ஆய்வுக்குக் கொடுக்கலாம். குற்றம் இருப்பது தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய், மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைக்குக் காசு இல்லை. போன ஞாயிறு மாமாவை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது விரல் பாதியில் நின்றது. இரண்டாம் முறை முயன்று பார்த்தார். பிறகு சீவல் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எத்தனை மணிக்குத் திறப்பாங்க?” என்றார்.