அந்தரங்க ஜீவியமும் அதன் காவலும்

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்து மார்க்கம் வேரூன்றிய வரலாற்றை அறிய விரும்பி வருகிறவர்கள், பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரத்தையும் இடையன்குடியின் பெரிய ஆலயத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவ்வளவில் மனநிறைவோடு திரும்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரின் கையால் குளோரிந்தா அம்மையார் ஞானஸ்நானம் பெற்றதும், 1785-இல் அவருடைய முயற்சியால் பாளையங்கோட்டையில் ஒரு சிறு ஆலயம் பிரதிஷ்டை ஆனதும், 1820-இல் ரேனியஸ் ஐயர் வந்து ஊர் ஊராகச் சபைகளையும் பள்ளிகளையும் ஸ்தாபித்ததும், 1841-இல் கால்டுவெல் ஐயர் இடையன்குடியின் தேரி மணலில் வந்து தங்கியதும் ஆண்டு தவறாமல் ஏடேறியிருக்கின்றன. ஆனால் அந்த ஆலயங்களில் முழங்காற்படியிட்ட மனிதர்கள், வீடு திரும்பிய பின் தங்கள் நெஞ்சுக்குள் எதை வைத்துப் போற்றினார்கள், அதைக் களவு போகாமல் எவ்விதம் காத்தார்கள் என்பதைத் தேடிப் போகிறவர் சிலரே. கட்டிடத்தின் வரலாற்றைக்காட்டிலும் அந்த வரலாறே பெரிது என்பது என் துணிபு.

கிறிஸ்தவர்கள் 'அந்தரங்க ஜீவியம்' என்று சொல்லுவது, ஆண்டவனுக்கும் ஆத்துமாவுக்கும் இடையே, மூன்றாம் பேர் அறியாமல் நடைபெறும் உறவையாகும். மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர், தெருமுனையில் நின்று பலர் காண ஜெபிக்கிறவர்களைக் கண்டித்து, அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கும்படி போதித்தார். அதற்கு வெகுகாலம் முன்பே சாலொமோன் பேரால் வழங்கும் நீதிமொழிகள், காக்கத்தக்க பொருள்கள் எல்லாவற்றிலும் இருதயத்தையே முதன்மையாகக் காக்கச் சொல்லியிருந்தன. நாலாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் தவம் புரிந்த துறவிகள் இவ்வுபதேசத்தை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான எவாகிரியஸ் என்பார், துறவியைக் கெடுக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வேளையில், எந்த வேடத்தில் வரும் என்பதை எழுதி வைத்தார். உச்சி வெயிலில் வந்து, பொழுது நகரவில்லையே என்று முணுமுணுக்கவும், இந்த இடமே நமக்கு ஆகாது என்று எண்ணவும் வைக்கும் சோர்வை, அவற்றுள் மிகக் கொடியதாக அவர் கருதியது கவனிக்கத்தக்கது. காமமும் கோபமும் வாசலைத் தட்டிக்கொண்டு வரும். சோர்வோ ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பழகிய எந்தக் குடியானவருக்கும் இது விளங்கும்: குளத்தங்கரை வெள்ளத்தில் உடைந்ததாக ஊரார் சொல்லுவார்கள், கோடையிலேயே நண்டு வளை விழுந்து கிடந்ததை அடைக்காமல் விட்டதுதான் காரணம் என்பது மடை காப்பவருக்கே தெரியும்.

சீமையின் பழைய கிறிஸ்தவ கிராமங்களில் இந்தக் காவல் தனிமனிதனுடைய திறமைக்கே விடப்பட்டதில்லை. ஊருக்கு ஒரு ஜெப வீடும், அதற்கு ஓர் உபதேசியாரும் இருந்தனர். காலையும் மாலையும் கோயில்மணி அடிக்க, வயலிலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் வந்தவர்கள் கூடி ஜெபித்துப் பிரிந்தனர். இருட்டியபின் வீட்டில் குடும்ப ஜெபம். விடியுமுன் அவரவர் தனி ஜெபம். பாயை விரித்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பனையோலைப் பெட்டியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துச் சிம்னி விளக்கின் அருகே வைத்து, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு வாங்கவோ ஊர்க்கதை பேசவோ பக்கத்து வீட்டுக்காரி படலைத் திறந்தால், வாசலில் படுத்திருக்கும் பேரப்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடே, "ஆச்சி ஜெபத்துல இருக்கா, பொறவு வாங்க சித்தி" என்று சொல்லித் திருப்பிவிடும். சித்தியும் கோபித்துக்கொள்ளமாட்டாள், நாளை அவள் ஜெபத்தில் இருக்கும்போது இன்னொரு பிள்ளை அதே விடையைச் சொல்லவேண்டுமே! பின்னர் அடுப்படிக்குப் போகிற ஆச்சி, உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போடுவாள். கைப்பிடி அரிசி என்று வழங்கும் அப்பழக்கத்தில் சேர்ந்த அரிசி ஊழியத்துக்கு உதவிற்று என்பது ஒருபுறம் இருக்க, நாள்தோறும் அந்தக் கை ஒரு கணம் நின்று ஆண்டவனை நினைத்தது என்பதே என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி, இந்தச் சீமை தந்த பெரும் சாட்சிகளில் முதல்வராகிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையிடம் வருவோம். பாளையங்கோட்டைக்கு அருகேயுள்ள கரையிருப்பில் 1827-இல், கம்பனையும் பிரபந்தங்களையும் உயிராகப் போற்றிய வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த அவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த நாட்களில் கிறிஸ்து மார்க்கத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். உற்றார் உறவினரின் வருத்தத்தையும் புதிய சமூகத்தின் பழக்கமின்மையையும் ஒருசேரத் தாங்கிக்கொண்ட அந்த மனிதர், தமது உள்ளத்தைக் காத்துக்கொள்ளக் கையாண்ட கருவி, தாம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தமிழே. இங்கிலாந்தில் பெட்போர்டு சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, பல ஆண்டுக் காலம் உழைத்து, மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களில் அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாயிற்று. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று நாடு அழைக்கிறது; பாராட்டு நியாயமானதே. ஆயினும் அந்தப் பட்டத்தில் மறைந்துபோகும் ஒன்றுண்டு. பனியனுடைய மூலத்தில் இல்லாத, தேவாரம் என்று தாம் பெயரிட்ட பதிகங்களைக் கிருஷ்ண பிள்ளை தம் காவியத்தின் இடையிடையே பெய்து வைத்திருக்கிறார். கதை நகர்வதற்கு அவை அவசியமில்லை. காவிய இலக்கணமும் அவற்றைக் கேட்கவில்லை. ஆனால் யாத்திரைக்காரன் நடக்கவேண்டுமானால் பாடவேண்டும், பாடவேண்டுமானால் அவன் தாயின் மடியில் கேட்ட பண்ணில் பாடவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்நிய மொழியின் நடையில் ஜெபிக்கிறவன் எவ்வளவு சரியாக ஜெபித்தாலும், அவன் நெஞ்சின் ஒரு பகுதி வெளியே நின்றுகொண்டிருக்கும். நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியின் ஆற்றங்கரை நாட்டில், பக்தியின் பாஷை ஏற்கெனவே பழுத்துக் கிடந்தது; கிருஷ்ண பிள்ளை அதைத் துறந்துவிடாமல், தம் புதிய ஆண்டவனின் சந்நிதிக்கு எடுத்துச் சென்றார்.

பனியன் கதையிலும் இவ்விஷயத்துக்குப் பொருந்திய இரண்டு காட்சிகள் உண்டு. வியாக்கியானியின் வீட்டில் யாத்திரைக்காரன் சுவரோரமாய் எரியும் ஒரு நெருப்பைக் காண்கிறான். ஒருவன் நின்று அதன்மேல் ஓயாமல் நீரை ஊற்றிக்கொண்டிருக்க, அது அவியாமல் மேலும் மேலும் ஓங்கி எரிகிறது. சுவருக்குப் பின்புறம் அழைத்துப் போய்க் காட்டும்போதுதான், அங்கே வேறொருவர் மறைவில் நின்று எண்ணெய் வார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. காக்கிறவர் கிறிஸ்துவே; அவர் காப்பதும் மறைவிலேதான். மற்றொன்று மயக்கபூமி. போரும் சிறையும் கடந்து வந்த யாத்திரைக்காரர்களை அவ்விடத்துக் காற்று தூங்கவைத்துவிடப் பார்க்கிறது; தூங்கினால் எழுந்திருப்பது அரிது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவரோடொருவர் ஆத்தும விஷயங்களைப் பேசிக்கொண்டே அந்த நிலத்தைக் கடக்கிறார்கள். தனித்துச் சென்றிருந்தால் தப்பியிருக்கமாட்டார்கள். ஆச்சியின் வாசலில் படுத்திருந்த பிள்ளையை இங்கே நினைக்கலாம்.

கிருஷ்ண பிள்ளைக்கு ஒரு தலைமுறை பின்னே, பாளையங்கோட்டையில் வேறொரு குடும்பம், உள்ளத்தைக் காப்பது எவ்விதம் என்னும் இதே வினாவுக்கு வேறு விதமாய் விடை தேடிற்று. சைவ மரபில் பிறந்து, இருபத்து நாலாம் வயதில் கிறிஸ்தவரான ஏ. எஸ். அப்பாசாமி பிள்ளை, பேர்பெற்ற வழக்கறிஞர். நியாயஸ்தலத்தில் வாதாடியும் சபைக் காரியங்களில் உழைத்தும் முதுமை எய்திய பின்னர், தம் ஜெபத்தில் ஏதோ ஒன்று குறைவதாக உணர்ந்தார். 1918-இல் தென்னாட்டுக்கு வந்த சாது சுந்தர் சிங்கின் தொடர்பும் அந்த ஏக்கத்தைத் தூண்டிற்று. ஆசனத்தில் அசையாதிருந்து மனத்தை ஒருமுகப்படுத்தும் யோக முறைகளைக் கிறிஸ்துவைத் தியானிப்பதற்குப் பயன்படுத்தலானார். தமக்கு நேர்ந்த தரிசன அனுபவங்களையும் ஒளிக்காமல், தம் ஐம்பதாண்டுக் கிறிஸ்தவ யாத்திரையைப் பற்றி 1924-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் எழுதினார். அந்நாளைய மிஷனெரி சமூகத்தில் இது எத்தனை புருவங்களை உயர்த்தியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் புதல்வர் ஏ. ஜே. அப்பாசாமி, 1891-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்திய பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து பட்டம் பெற்று, பிற்காலத்தில் கோயம்புத்தூர் அத்தியட்சராக விளங்கினார். கிறிஸ்து மார்க்கத்தைப் பக்திமார்க்கமாகவே விளக்கிய அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. தந்தையின் அனுபவத்தை அருகிருந்து கண்ட மகனுக்கு, அனுபவத்தின் இனிமையோடு அதன் அபாயமும் தெரிந்திருக்கும். நெஞ்சுக்குள் கேட்கும் குரலெல்லாம் ஆண்டவன் குரல்தானா? ஆசையும் அகந்தையும் அவன் குரலில் பேசமாட்டாவா? இவ்வினாவுக்கு அவர், நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரிகளின் முறையிலேயே பிரமாணங்களை வகுத்து விடை சொன்னார்: சுருதியாகிய வேதம், யுக்தியாகிய நியாய புத்தி, அநுபவம், இவற்றோடு சபை. ஒருவன் தனியறையில் கண்டதை வேதத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும், புத்தியால் ஆராயவேண்டும், விசுவாசிகளின் கூட்டத்துக்கு முன் அது நிற்குமா என்றும் கேட்கவேண்டும். தியானத்தை அஞ்சி ஒதுக்குகிறவர்களும், தரிசனம் என்றவுடன் விழுந்து வணங்குகிறவர்களும் ஆகிய இரு சாராருக்கும் இந்த நான்கு பிரமாணங்களைப்போல் நல்ல மருந்து வேறில்லை.

களக்காட்டு மலையடிவாரத்தையடுத்த டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றித் தமிழ் வாசகருக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1901 முதல் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்குழந்தைகளை அடைக்கலம் தந்து வளர்த்தவர் என்பது எல்லாரும் அறிந்ததே. பால் காய்ச்சுவதும் துணி துவைப்பதும் நோயுற்ற குழந்தையோடு இரவு முழுதும் விழித்திருப்பதுமான அந்த ஓயாத வேலையின் நடுவே, 1916-இல் ஏழு பெண்களைச் சேர்த்து, ஜெபத்தையும் வேலையையும் பிரிக்காமல் வாழும் சிறு சகோதரி சங்கம் ஒன்றை அவர் அமைத்தார். மறு ஆண்டில், இளைப்பாறவும் ஜெபிக்கவும் மலைக்காட்டில் ஓர் ஒதுக்கிடமும் தேடிக்கொண்டார். அவருடைய கண்டிப்புக்கு இசையாமல் விலகிப்போன ஊழியர்களும் உண்டு. 1931 அக்டோபரில் களக்காட்டில் இருளில் ஒரு குழிக்குள் தவறி விழுந்த பின், 1951-இல் இறக்கும்வரையில் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். வெளி ஊழியம் முற்றும் பறிபோன அந்த இருபதாண்டுகளில்தான் அவருடைய நூல்கள் பல பிறந்தன. ஓடியாடிய நாட்களில் சேமித்து வைத்திராத ஒருவருக்குப் படுக்கையில் செலவழிக்க ஏது?

நம் காலத்துக்கு வருவோம். அந்தரங்க ஜீவியத்தைக் கெடுப்பது கைப்பேசி என்று குற்றம் சாட்டுவது எளிது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சீமையின் சபைகளில் பழகியவர்களுக்கு அதைவிடப் பெரிய பகை எது என்பது தெரியும். பக்தியின் பெயரால் நடக்கும் சந்தடியே அது. ஆலயத்துக்கு ஒலிபெருக்கி, அசனப் பண்டிகைக்குப் பந்தல், திருமண்டலத் தேர்தலுக்குக் கட்சி, கட்சிக்கு வழக்கு என்று, நாளெல்லாம் சபைக் காரியமாகவே அலைந்துவிட்டு, ஆண்டவனோடு ஐந்து நிமிஷம் பேச நேரமில்லாமல் படுத்துக்கொள்ளும் மனிதர், தாம் பக்தியில் குறைந்துபோனதாக ஒருநாளும் சந்தேகப்படமாட்டார். எகிப்து தேசத்துத் துறவிக்கு வந்த உச்சிவெயில் சோர்வு, நமக்குச் சுறுசுறுப்பின் வேடத்தில் வருகிறது. உபதேசியார்கள் குறைந்து, தினந்தோறும் ஊர் கூடும் ஜெபம் பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்ட பின்னர், ஆச்சியின் வாசலைக் காத்த பிள்ளையும் எழுந்து போய்விட்டது.

போனவற்றையெல்லாம் திரும்பக் கொண்டுவருவது ஆகாத காரியம், கொண்டுவரவும் வேண்டியதில்லை. ஒன்று மட்டும் ஆகும். இன்று நம் ஆலயங்களில் பெரும்பாலானவை ஆராதனை முடிந்தவுடன் பூட்டப்பட்டு, அடுத்த ஆராதனைக்கே திறக்கப்படுகின்றன. கூட்டுக்குடும்பத்து இரண்டறை வீட்டில் இருக்கும் மருமகளுக்கும், விடுதியில் எட்டுப் பேரோடு தங்கிப் படிக்கும் மாணவனுக்கும், சாத்திக்கொள்ளக் கதவே இல்லை. சேகரக் கமிட்டியார் பாட்டும் பிரசங்கமும் ஒலிபெருக்கியும் ஏதுமின்றி, பகலில் இரண்டு மணி நேரமாவது ஆலயத்தைத் திறந்து வைத்து, வருகிறவர் எந்தச் சபையார், எந்தக் கட்சி என்று கேளாமல் உட்கார விடுவார்களாக. அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. வேலை நாட்களிலும் ஆலயத்தைத் திறக்கச் சொல்லி, ஆலயப் பணிவிடை செய்யும் கோயில்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் போதும்.