கும்பெனிக் கைத்துப்பாக்கியும் அதன் பொறிப்புகளும்

தீக்கல்லால் வெடிக்கும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படைக் கைத்துப்பாக்கிகளைத் தொகுப்போர் பலர், துரு நீக்குவதாகக் கருதி இரும்பைப் பளபளக்கத் தேய்த்துவிடுகின்றனர். இது கல்வெட்டைச் செதுக்கி அழித்தலை ஒக்கும். சரக்குப் பொதிகளில் கும்பெனியார் இட்டுவந்த நெஞ்சவடிவக் குறியே விசைத்தகட்டிலும் பொறிக்கப்பெற்றது; 1808-ஐ ஒட்டி அது நீங்கி, நிமிர்ந்தெழுந்த சிங்கவுரு அவ்விடம் பெற்றது. ஆழமற்ற இப்பொறிப்புகளே காலங்கணிக்கச் சான்றாவன. அவை தேய்ந்தபின் எஞ்சும் பளபளப்பிற்கு மிகுவிலை கொடுப்பாரை யாம் தொகுப்பாளர் எனக் கொள்ளோம்.

பரவும் செந்துருவை எண்ணெயிட்டு மெல்ல அகற்றலாம்; பழுப்பேறிய மேற்படலத்தைத் தொடலாகாது. விரல்வியர்வையின் உப்பும் துருவை வளர்க்குமாதலின் பருத்திக் கையுறை வேண்டும். இவை அனைத்திற்கும் முன்னர்ச் செய்யற்பாலது ஒன்றுண்டு. குழலுள் பழைய மருந்து கெட்டித்தபடியே கிடத்தல் கூடும். கோலை உள்ளிட்டு ஆழத்தை அளந்து, குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டறிதல் வேண்டும்.