சொல்லின்றி ஓதும் செல்லோ

மேனாட்டு இசையரங்குகளில் வயலின் இனத்தைச் சேர்ந்த நரம்புக் கருவிகள் நான்கு இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று செல்லோ. வடிவத்தில் அது வயலினையே ஒத்ததாயினும் உருவிற் பெரியது. ஆகையால் அதனைத் தோளிற் சார்த்தி வாசித்தல் இயலாது. கலைஞர் ஆசனத்தில் அமர்ந்து, கருவியை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அதன் அடியிலுள்ள முளையை நிலத்தில் ஊன்றி, நான்கு நரம்புகளின் மீதும் வில்லைச் செலுத்தி வாசிப்பார். ஆடவரின் கனத்த குரலும் மகளிரின் உயர்ந்த குரலும் அதன் ஓசைக்குள் அடங்கும். மனிதக் குரலுக்கு மிக அணித்தான கருவி என்று அதனைப் பலரும் போற்றுவது இதனாலேயே ஆகும்.

இத்தன்மை வாய்ந்த கருவி, யூத மக்களின் வழிபாட்டுக் குரலை நாடு நாடாகச் சுமந்து சென்ற வரலாறு அறிந்து இன்புறத் தக்கது. அவ்வரலாற்றில் ஒரு முரண்பாடும் உண்டு. பண்டை நாளில் எருசலேம் தேவாலயத்தில் யாழும் எக்காளமும் கைத்தாளமும் முழங்கின. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர். அதன் பின்னர், அவ்விழப்பின் துயர் கருதியும் ஓய்வுநாட் சட்டம் கருதியும், பழைய மரபைப் பேணும் ஜெப ஆலயங்கள் ஓய்வுநாள் வழிபாட்டில் இசைக்கருவிகளை விலக்கின. எஞ்சியது மனிதக் குரல் ஒன்றே. ஆகவே செல்லோ இசைக்கும் அந்த ஓதுமுறை, செல்லோ நுழைய இயலாத வழிபாட்டிடங்களில் வளர்ந்ததாகும்.

ஜெப ஆலயத்தில் மன்றாட்டுக்களைப் பாடி வழிநடத்துபவர் ‘ஹஸான்’ எனப்படுவார். அவருடைய ஓதுமுறை பெரும்பாலும் தாளக்கட்டுக்கு உட்படாது. சொல்லின் பொருளைப் பின்பற்றி நீண்டும் குறுகியும் செல்லும். ஓர் அசையையே பல சுரங்களில் வளைத்தும் குழைத்தும் அவர் பாடுவார். அவ்வழிபாட்டுப் பண்கள் சிலவற்றில் இரண்டாம் சுரத்துக்கும் மூன்றாம் சுரத்துக்குமிடையே அகன்ற இடைவெளி ஒன்று அமைந்துள்ளது. மாயாமாளவகௌளை இராகத்தில் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்குமிடையே உள்ள அகற்சியை அறிந்த செவிக்கு இது முற்றிலும் புதியதன்று.

இக்குரலைச் செல்லோவில் அமைத்தவர்களுள் உலகப் புகழ் எய்தியவர் மக்ஸ் புரூக் என்னும் ஜேர்மன் இசைமேதை ஆவார். அவருடைய ‘கோல் நித்ரே’ என்னும் படைப்பு 1881ஆம் ஆண்டில் அச்சேறியது. யூதரின் பாவநிவிர்த்தி நாளுக்கு முந்திய மாலையில், அரமேய மொழியில் ஓதப்படும் வாசகத்தின் பெயரே கோல் நித்ரே என்பது. ‘எல்லா நேர்த்திகளும்’ என்பது அதன் பொருள். மனிதன் இறைவனுக்குச் செய்து நிறைவேற்ற இயலாதுபோன நேர்த்திகளினின்று விடுதலை வேண்டுவது அவ்வாசகம். ஹஸான் அதனை மும்முறை ஓதுவார். அந்த ஓதலின் தயக்கமும் விம்மலும் புரூக்கின் இசையிற் செல்லோவின் வாயிலாக வெளிப்படுகின்றன. துயரச் சாயலில் தொடங்கும் அவ்விசை ஈற்றில் ஆறுதல் தரும் சாயலுக்கு மாறி அமைதியில் அடங்குகின்றது.

புரூக் யூதரல்லர், புரட்டஸ்தாந்து கிறித்தவர். பெர்லின் நகரத்து யூத ஓதுவாராகிய லிக்டன்ஸ்டைன் என்பவரின் நட்பினாலேயே அவர் இப்பாடல்களை அறிந்தார். மன்றாட்டுக்குரிய சமயப் பொருளைக் காட்டிலும் மெட்டின் அழகே அவரைக் கவர்ந்தது. அவ்வாறாயின் இதனை யூத இசை எனல் பொருந்துமா? அயலான் ஒருவன் மெட்டைப் பெற்றுக்கொள்ளுதல் வேறு, அம்மக்களுள் ஒருவன் தன் அகத்தினின்றும் இசைத்தல் வேறு என்று வாதிடுவோர் உளர். இவ்வினாவிற்கு மற்றொரு வழியில் விடை கண்டவர் ஏர்ணெஸ்ட் புளொக்.

புளொக் 1880ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் யூதக் குடும்பத்தில் தோன்றியவர். பழைய மெட்டுக்களைத் தேடித் தொகுத்து மெருகிடுதல் அவர் நோக்கமன்று. வேதநூலில் தாம் உணர்ந்த எபிரேய உள்ளத்தைத் தம் சொந்த இசையிலே வெளியிடுதலே அவர் விரும்பியது. ‘பிரசங்கி’ என்னும் ஆகமத்தின் வாசகங்களை மனிதக் குரலுக்கு அமைக்க அவர் முனைந்தார். எம்மொழியில் அமைப்பது என்பதே இடர்ப்பாடாயிற்று. பிரெஞ்சும் ஜேர்மனும் ஆங்கிலமும் அவர் கருத்துக்கு இசையவில்லை. எபிரேய மொழியிலோ அவருக்குப் போதிய பயிற்சியில்லை. முயற்சி தடைப்பட்டது.

அவ்வேளையில், 1915ஆம் ஆண்டின் இறுதியில், அலெக்சாந்தர் பார்ஜான்ஸ்கி என்னும் செல்லோக் கலைஞரை அவர் சந்தித்தார். அவருடைய வாசிப்பைக் கேட்டதும் புளொக்கின் ஐயம் நீங்கியது. எம்மொழிக்கும் உட்படாத குரல் அக்கருவியிலே காத்திருந்தது. பார்ஜான்ஸ்கியின் மனைவியார் மெழுகில் வனைந்த சாலொமோன் மன்னனின் உருவமும் அவர் கற்பனையைத் தூண்டியது. சில வாரங்களில் ‘ஷெலோமோ’ உருவாயிற்று. சாலொமோன் என்பதன் எபிரேய ஒலிப்பே அப்பெயர். 1917ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, நியூயோர்க் நகரின் கார்னெகி மண்டபத்தில் அது முதன்முறை அரங்கேறியது. அன்று செல்லோ வாசித்தவர் ஹான்ஸ் கிண்ட்லர்.

இப்படைப்பிற் செல்லோ சாலொமோனின் குரலாகவும், பெரிய வாத்தியக்குழு அவனைச் சூழ்ந்த உலகமாகவும் நிற்பதாகக் கொள்ளலாம் என்று புளொக் பின்னாளில் விளக்கினார். செல்வமும் வெற்றியும் ஆரவாரமும் வாத்தியக்குழுவில் எழுந்து முழங்குகின்றன. அவற்றுக்கிடையே தனித்த குரல் வினவுகின்றது, வெகுள்கின்றது, சோர்கின்றது. முடிவிலே ஆறுதல் இல்லை; கருவியின் தாழ்ந்த சுரங்களில் அவ்விசை அடங்கிவிடுகின்றது. முதல் உலகப் போர் ஐரோப்பாவைச் சிதைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் இஃது இயற்றப்பட்டது என்பதை மறத்தலாகாது. புளொக் 1924ஆம் ஆண்டில் இயற்றிய ‘எபிரேயத் தியானம்’ என்னும் சிறு படைப்பில், அடுத்தடுத்த இரு சுரங்களுக்கிடையே நிற்கும் நுண்சுரங்களும் வருகின்றன. பியானோ அவற்றை எழுப்ப மாட்டாது. மெட்டுக்கட்டைகளற்ற செல்லோவில் விரலைச் சிறிது நகர்த்தினால் அவை பிறக்கும்.

இவ்விசையைச் சுமந்து சென்ற கலைஞர் சிலருக்கு, வெளிநாட்டுப் பயணம் புகழ் தேடும் பயணமாக மட்டும் அமையவில்லை. இமானுவேல் பொயர்மன் பெர்லின் இசைக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். நாசி ஆட்சி தோன்றிய 1933ஆம் ஆண்டில், யூதர் என்ற காரணத்தால் அவர் பதவி பறிக்கப்பட்டது. நாடு நாடாகச் சென்று வாசித்த அவர் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடைந்தார். 1940ஆம் ஆண்டில் பிலடெல்பியா வாத்தியக்குழுவுடன் அவர் ஷெலோமோவை இசைத்தட்டிற் பதிவுசெய்தார். இரண்டாண்டுகளின் பின், நாற்பது வயது நிரம்புமுன்னரே, அவர் காலமானார். அவரைத் துரத்திய ஆட்சி 1945ஆம் ஆண்டில் வீழ்ந்தது. இசைத்தட்டு எஞ்சி நின்றது.

புளொக்கின் இசைக்கு உலகெங்கும் செவிகளைத் தேடித் தந்தவருள் ஸாரா நெல்சோவா தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1918ஆம் ஆண்டில் கனடாவின் வினிபெக் நகரில், ருசியாவிலிருந்து வந்த குடும்பத்திற் பிறந்தவர் அவர். இலண்டனிற் புளொக்கே வாத்தியக்குழுவை நடத்த, நெல்சோவா ஷெலோமோவை வாசித்துப் பதிவுசெய்தார். முதியவராகிய புளொக், துணைக்கருவி எதுவுமின்றித் தனிச் செல்லோவுக்கென 1956ஆம் ஆண்டில் இயற்றிய முதலாவது தொகுதியை அவருக்கே உரித்தாக்கினார். புளொக் 1959ஆம் ஆண்டில் மறைந்தார். நெல்சோவாவோ கண்டம் விட்டுக் கண்டம் சென்று வாசித்தும், நியூயோர்க்கின் ஜூலியார்ட் கல்லூரியிற் கற்பித்தும், 2002ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இத்தகைய கலைஞர் எதிர்கொள்ளும் பொறுப்பு எளிதன்று. கருவியைக் காக்க விமானத்தில் அதற்கெனத் தனி ஆசனம் பெறுவோர் உளர். குளிரிலும் வெப்பத்திலும் மரம் சுருங்கி விரிவதனால் ஊருக்கு ஊர் ஓசை வேறுபடும். அவற்றினும் அரியது வாசிப்பின் அளவறிதல். விம்மலை மிகைப்படுத்தினால் அது போலி அழுகையாகும். தாளத்தை மட்டும் காத்தால் ஓதுதலின் உயிர் ஒழியும். ஒரு சொல்லைச் சொல்லுமுன் ஓதுவார் மூச்சை இழுக்கும் இடத்தில் வில்லும் சிறிது நிற்கவேண்டும். இதனை உணர்ந்து வாசிப்பவரே அவ்விசைக்கு உரியவராவார்.

புரூக்கைப் பற்றிய வினாவிற்கும் இங்கேயே விடை உண்டு. மெட்டை ஈந்தவர் யூத ஓதுவார், அமைத்தவர் கிறித்தவர், வாசிப்பவரும் கேட்பவரும் எச்சமயத்தவராகவும் இருக்கலாம். ஆலயத்தை இழந்து நாடுகள் தோறும் சிதறிய மக்கள் தம் குரலை இழக்காது காத்தனர். அக்குரல் கருவியில் ஏறியபோது மொழியின் எல்லையைக் கடந்தது. அரமேயமோ எபிரேயமோ அறியாத ஒருவன், தான் நிறைவேற்றாத வாக்குக்களை எண்ணி அவ்விசையின்முன் அமைதியாக இருப்பானாயின், செல்லோ தன் பணியைச் செய்து முடித்ததென்றே கொள்ளலாம்.