பாக்ஸ் பாடும், ஆப் பாடாய்ப் படுத்தும்!

விலை உயர்ந்த ஒயர்லெஸ் ஸ்பீக்கரைக் கடையில் பார்த்திருப்பீர்கள். மேலே துணி உறை, ஒயர் ஒன்றும் வெளியே தெரியாது, விரல் வைத்தால் சின்ன விளக்கு எரியும். அது ஒரு வீட்டுக்குள் வந்து சேருகிற நாளில் என்னென்ன கூத்து நடக்கும் என்று பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. தூத்துக்குடியில் அது நிறைவேறியது! பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றத்துக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த நேரம். பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. ஸ்பீக்கர் பொருத்தும் அண்ணன், "கூட வாங்க, ஆனா நான் சொல்லும்போது மூச்சு விடக் கூடாது" என்ற நிபந்தனையோடு என்னைச் சேர்த்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் வாருங்கள்!

ஹாலில் கால் வைக்க இடமில்லை. தெர்மோகோல் துண்டுகள், பாலித்தீன் உறைகள், அடுக்கிய அட்டைப்பெட்டிகள். நடுவில் ஆச்சி ஆசையாகக் கொண்டுவந்து வைத்த மக்ரூன் தட்டு. ஒன்றை வாயில் போட்ட கையோடு ஸ்பீக்கரைத் தூக்கப் போன உதவிப் பையனுக்கு அதட்டல் விழுகிறது. "ஏலே, கையக் கழுவிட்டு வா! அந்தத் துணில அழுக்கு பட்டா போகவே போகாது." வீட்டுப் பிள்ளை கப்பலில் இன்ஜினியர். போன லீவுக்கு வரும்போது சிங்கப்பூரில் வாங்கி வந்தவர், பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் மறுபடி கப்பலேறிவிட்டார். ஹாலுக்கு ஒரு ஜோடி, அடுப்படிக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று. திருவிழாவுக்குச் சொந்தபந்தம் வருவதற்குள் எல்லாம் பாடியாக வேண்டும்.

ஆச்சி பாக்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார். டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர் அவர். "எய்யா, இவ்வளவு துட்டு குடுத்து வாங்கிருக்கான், ஒரு திருகுகூட இல்லையே?" அண்ணன் சிரிக்கிறார். "திருகு எல்லாம் போனுக்குள்ள போயிட்டு, ஆச்சி." இந்தப் பெட்டிகளின் முழுக் கதையும் இந்த ஒரு வரிதான். நல்லதும் கெட்டதும் அந்தப் போனுக்குள் இருந்துதான் கிளம்பப் போகின்றன.

அண்ணனின் பைக்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெரிய பெரிய கருவிகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு பழைய டூத் பிரஷ், நீளமான லேன் ஒயர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய ஐபோன். பிரஷ் எதற்கு? "உப்புக் காத்துல்லா! பிளக் முள்ளே பச்சை பூத்துப் போகும். அதத் தேய்க்காம ஆப்பைத் திட்டி என்ன பிரயோசனம்?" என்றபடியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து தேய்க்கிறார்.

அடுத்தது வைஃபை வேட்டை. ஹாலில் பாக்ஸ் கிடைக்கிறது, அடுப்படிப் பாக்ஸை மட்டும் ஆப் கண்டுகொள்ளவே இல்லை. தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ‘மீண்டும் முயலவும்’ என்று மட்டும் காட்டுகிறது. பையன்தான் கடைசியில் கண்டுபிடித்தான்: ரௌட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது! இரும்பும், பழைய காலத்துத் தடித்த சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து சிக்னலை விழுங்கிவிட்டன. ரௌட்டரை நடுக்கூடத்து அலமாரி உச்சிக்கு ஏற்றினார்கள். அடுப்படிப் பாக்ஸ் ‘டிங்’ என்றது. எல்லோரும் கைதட்டினோம், ஆச்சியும்தான்!

அந்தக் குதூகலம் அடங்குவதற்குள் ஆப் அடுத்த கதவைச் சாத்தியது. கணக்குத் தொடங்கியது மகன் பெயரில். ரகசியக் குறியீடு போகிற இடம் மகனின் மின்னஞ்சல். மகனோ நடுக்கடலில்! மருமகள் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெட்டி வீட்டில், கரண்டு வீட்டில், பாட்டுக் கேட்கிற காது வீட்டில். பூட்டின் சாவி மட்டும் எங்கோ ஒரு கப்பலில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள அண்ணன் படியில் உட்கார்ந்து மோர் குடித்தார். ஒரு வழியாகக் குறியீடு வந்து சேர்ந்தது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டி வீட்டில் உள்ளவர்களுக்குப் பாட எதற்கு இத்தனை அனுமதி என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஃபேனை நிறுத்துங்க. ஏசியை நிறுத்துங்க. யாரும் பேசாதீங்க." அறையின் வாகுக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் அளவெடுப்பு தொடங்குகிறது. சில நிறுவனங்கள் இதைப் பல ஆண்டுகள் ஐபோனில் மட்டுமே முழுமையாகச் செய்ய விட்டன. விரிசல் ஐபோன் பையில் இருந்ததன் மர்மம் அதுதான். பாக்ஸிலிருந்து ‘உய்ய்ங், உய்ய்ங்’ என்று விநோதச் சத்தம். அண்ணன் போனைத் தலைகீழாகப் பிடித்து, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே மெல்ல அறையைச் சுற்றி நடக்கிறார். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிற மாதிரி! வேர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது, துடைக்கவும் முடியாது. பாதிச் சுற்றில் தெருவில் மீன்காரம்மாவின் குரல்: "சாள... சாளை!" போச்சு. முதலிலிருந்து மறுபடி. இரண்டாவது சுற்று முடியப் போகும்போது கோயிலில் 12 மணிக்கு மூவேளைச் செப மணி. ஆச்சி சிலுவை போட்டுக்கொள்கிறார், பையன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான், அண்ணன் கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்றாவது முறை ஊரே இரக்கப்பட்டு அமைதியானது.

பலன் என்ன தெரியுமா? அளவெடுக்கும் முன்பு பி. சுசீலாவின் குரல் சுவர் மூலையில் முட்டி, பேஸ் ‘தொம் தொம்’ என்று வழிந்தது. பிறகு அதே பாட்டைப் போட்டார்கள். வயலின் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம், குரல் சரியாக நடு ஹாலில்! சிமெண்டுத் தரை, உயர்ந்த கூரை, திரைச்சீலை இல்லாத ஜன்னல் எல்லாவற்றையும் மென்பொருள் கேட்டுப் புரிந்துகொண்டு, எங்கே குறைக்க வேண்டுமோ அங்கே குறைத்திருக்கிறது. இடது பாக்ஸையும் வலது பாக்ஸையும் மாற்றி வைத்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. கனத்த பெட்டிகளைத் தூக்க வேண்டுமோ என்று பையன் முகம் சுருங்க, அண்ணன் திரையில் ஒரு தட்டுத் தட்டினார். இடம் வலமானது. பையன் இன்னொரு மக்ரூன் எடுத்துக்கொண்டான்.

எனக்குப் பிடித்த காட்சி இனிமேல்தான். ஹாலில் ஓடுகிற பாட்டை அடுப்படிக்கும் மாடிக்கும் விரித்தார் அண்ணன். நான் படியேறி ஓடினேன், இறங்கி ஓடினேன். எங்கே நின்றாலும் பாட்டு அதே அட்சரத்தில்! ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இரண்டு பாக்ஸுக்குள் சில மில்லி நொடி பிசகினாலே பாடகர் நடுவிலிருந்து நகர்ந்துவிடுவார். அதை ஒயரே இல்லாமல் கட்டிக் காப்பது சாதாரணக் காரியமா? மீன் குழம்பு கொதிக்கிற அடுப்படியில் மருமகள் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். இதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஃபேனை நிறுத்தலாம்.

அப்புறம் தேடல். ஆச்சி ஒரு பழைய பாட்டுக் கேட்டார். ஆப்புக்குள் ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு பாட்டுக்கு நாலு எழுத்துக்கூட்டல். இளையராஜா பெயரிலேயே எத்தனை ‘ஏ’ போடுவது என்று வீட்டில் வாக்குவாதம். கடைசியில் பாக்ஸின் ஆப்பை மூடிவிட்டுப் பாட்டுச் சேவையின் ஆப்பிலேயே தேடி, அங்கிருந்து பாக்ஸுக்கு அனுப்பினார்கள். "நிறையப் பேர் இப்படித்தான் பண்ணுதாங்க" என்றார் அண்ணன். ஆப் எழுதுகிறவர்கள் ஒரு நாள் இப்படியொரு ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்!

எல்லாம் முடிந்து சாப்பிட உட்காரும்போது திரையில் ‘புதிய அப்டேட் உள்ளது’. அண்ணன் கை நின்றது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வரி ஆசையும் பயமும் சேர்ந்தது. ஆசைக்குக் காரணம் உண்டு: சோனோஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘பிளே:5’ பாக்ஸுக்கு, 2018 ஜூலையில் ஆப்பிளின் ஏர்பிளே 2 வசதி அப்டேட்டாக வந்து சேர்ந்தது. வாங்கி வைத்த பெட்டி உட்கார்ந்த இடத்திலேயே புதிதானது. பயத்துக்கும் அதே நிறுவனம்தான் சாட்சி. 2024 மே மாதம் ஆப்பை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டபோது அலாரம், தூங்கும் நேரத்து டைமர், பாட்டு வரிசையைத் திருத்துவது எல்லாம் காணாமல் போயின. ஜூலையில் தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். சரிசெய்ய 2 முதல் 3 கோடி டாலர் ஆகும் என்று நிறுவனமே சொன்னது. 2025 ஜனவரியில் அவர் பதவி விலகினார். காற்றில் வந்த வசதி காற்றிலேயே போகவும் செய்யும்.

இந்தப் பயம் சோனோஸோடு நிற்கவில்லை. 2025 மார்ச்சில், ஸ்பீக்கரில் சொருகிப் பாட வைக்கும் கூகுளின் ‘குரோம்காஸ்ட் ஆடியோ’ கருவி திடீரென்று மௌனமானது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். சில நாளில் சரிசெய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் போஸ் நிறுவனம், ‘சவுண்ட்டச்’ பாக்ஸ்களுக்கான இணையச் சேவையை 2026-இல் நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆனால் ப்ளூடூத்தும் ஒயர் இணைப்பும் தொடர்ந்து வேலை செய்யும் என்றது. மக்கள் கொந்தளித்ததும் அவகாசத்தை நீட்டி, வெளியாட்களும் அதற்கு மென்பொருள் எழுத வழி திறந்துவிட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

சாளைக் குழம்பில் கையை வைத்தபடியே அண்ணன், பாக்ஸ் வாங்கும் முன் கேட்க வேண்டிய தன் மூன்று கேள்விகளைச் சொன்னார். ஆப் இல்லாமல் பாக்ஸ் மேலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா? நெட் போனாலும் பாட ஒயர் சொருகும் துவாரமோ ப்ளூடூத்தோ இருக்கிறதா? அந்தக் கம்பெனி பழைய மாடல்களுக்கு எத்தனை வருஷம் அப்டேட் கொடுத்திருக்கிறது? மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் அவர் தன் சொந்தக்காரர்களை வாங்கச் சொல்வாராம்.

ஹாலின் நடுவில் சுசீலாவைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மென்பொருள்தான், ஒரு குறியீட்டுக்காகக் குடும்பத்தையே காக்க வைத்ததும் அதுதான். அந்த மாயத்தை நான் முழுமனதோடு கொண்டாடுகிறேன். அதனாலேயே சொல்கிறேன்: கடையில் முன்பக்கத்தின் அழகில் மயங்கி நிற்காதீர்கள். பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், விற்பவரிடம் அவருடைய போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அது பாடினால், தாராளமாகப் பர்ஸை எடுங்கள்!