குதிரைத்திறன் ஒன்றுதான், மேட்டில் டீசல் ஏன் முந்துகிறது?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவுக்கு மூன்று எஞ்சின்கள், மூன்றும் 1.5 லிட்டர். சாதாரண பெட்ரோலுக்கு 115 குதிரைத்திறன், டீசலுக்கு 116. ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், டீசல் அலட்டிக்கொள்ளாது. பெட்ரோல் அடிக்கடி கியரைக் குறைக்கச் சொல்லும். ஏன்?

முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் வருவதே திறன். உச்சத் திறனைத் தொட பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,300 சுற்று சுற்ற வேண்டும். டீசலுக்கு 4,000 போதும். குறையும் சுற்றை முறுக்குவிசை ஈடுகட்டுகிறது. பெட்ரோலில் அது 144 நியூட்டன் மீட்டர். டீசலில் 250, அதுவும் 1,500 சுற்றிலேயே.

எப்படி? டர்போதான் காரணம். வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அது சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும். பிஸ்டன் மீது அழுத்தம் ஏறும். இதே உத்தியால்தான் மூன்றாவது எஞ்சினான டர்போ பெட்ரோல் 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் தருகிறது.

ஊருக்குள் ஓட்ட சாதாரண பெட்ரோலே போதும். மலையும் நெடும்பயணமும் வழக்கம் என்றால், குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். முறுக்குவிசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்றும் கேளுங்கள்.