பாதையில்லா மலைகள் – 7
புரூக்ஸ் மலையில் நாள் கணக்கு

எந்த ஓடையை எந்த இடத்தில் தாண்டுவது, எந்தச் சரிவில் கால் வழுக்கும், எந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் மூச்சு வாங்காது என்று நமக்கு முன்னே போனவர்கள் யோசித்து, தவறி, திருத்தி, கடைசியில் நிர்ணயித்த முடிவுகள் அத்தனையும் ஒரு சாதாரண மலைப்பாதையில் அடங்கிக் கிடக்கின்றன. அதில் நடக்கிறவன் முன்னோருடைய புத்தியைச் செலவில்லாமல் அனுபவிக்கிறான். இந்த வாரம் நாம் போகவிருக்கும் பிரதேசத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே ஒவ்வொரு முடிவையும் யாத்திரிகன் தானே செய்யவேண்டும்; அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே செய்துவிடவேண்டும்.

வட அலாஸ்காவில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் புரூக்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதியைத்தான் சொல்லுகிறேன். அங்கே 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' என்ற தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய காப்பகமுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்தில், அதாவது கேரளத்தைவிடச் சற்றே குறைந்த பரப்பில், முழுவதும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அமைந்திருக்கின்றன. அதற்குள் போகும் சாலை இல்லை. வெட்டி வைத்த நடைபாதை இல்லை. பாலம், கைகாட்டி, தங்குமனை எதுவும் இல்லை. யாரும் கவனிக்காமல் விட்டதால் இப்படி இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. டன்ட்ரா என்ற மரமில்லாத வெளியில் கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசை பிடிக்காமல், பரந்து விலகி நடக்கவேண்டுமென்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். பல பேர் காலடி ஒரே இடத்தில் பட்டால் தடம் விழுந்துவிடும், குளிர்நாட்டு மண்ணில் விழுந்த தடம் மறைய நெடுங்காலம் பிடிக்கும் என்பதே காரணம். அடுத்து வருகிறவனும் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும் பாக்கியத்தைப் பெறவேண்டும் என்ற இந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த இடத்துக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் மார்ஷல் என்ற வனவியல் அறிஞர். 1929ஆம் வருஷத்துக் கோடையில், வடகோடியில் மரங்கள் எங்கே நின்றுபோகின்றன, ஏன் நின்றுபோகின்றன என்று ஆராயும் நோக்கத்துடன் கொயுகுக் ஆற்றின் வடகிளையைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர், மேற்கே ஃப்ரிஜிட் கிராக்ஸ் என்றும் கிழக்கே போரியல் என்றும் வழங்கும் இரண்டு மலைகள் ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்பதைக் கண்டு, இதுவே ஆர்க்டிக்கின் வாசல் என்று எழுதி வைத்தார். அவர் கையிலிருந்த வரைபடத்தில் அந்தப் பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. அடுத்த வருஷம் திரும்பி வந்து, வைஸ்மன் என்ற சிற்றூரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஜனங்களோடு ஜனங்களாக வாழ்ந்தார். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் 1933இல் வெளியிட்ட 'ஆர்க்டிக் வில்லேஜ்' நன்றாக விற்றபோது, கிடைத்த பணத்தில் ஊராருக்கும் பங்கு கொடுத்தார். டூனராக் என்ற சிகரம் அவரை மிகவும் கவர்ந்தது. அதன் உயரம் பதினாயிரம் அடிக்கு மேல் இருக்குமென்று முதலில் மதிப்பிட்டிருந்தார். பிற்காலத்து அளவையில் அது சுமார் 7,500 அடிதான் என்று தெரிய வந்தது. 1938இலும் 1939இலும் அதில் ஏறப் பிரயத்தனம் செய்து, இரண்டு தடவையும் உச்சியை எட்டாமலே திரும்பினார். 1939 நவம்பரில், முப்பத்தெட்டாவது வயதில் காலமானார். நடையில் அபாரமான வலிமை பெற்றவரென்று பெயரெடுத்த மனிதர் அவர்; அப்படிப்பட்டவருக்கே இடங்கொடாத மலை இது என்பதை, நாள் கணக்குப் போட உட்காருகிறவன் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

சாலையின்மை தானாக நீடிப்பதன்று. 1974இல் எண்ணெய்க் குழாய் போடுவதற்காக வெட்டிய டால்டன் நெடுஞ்சாலை பூங்காவின் கிழக்கோரத்தை ஒட்டி வடக்கே போகிறது. 1980இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தப் பூங்காவை உண்டாக்கியபோதே, கோபுக் ஆற்றுப் பக்கத்துக் காப்பகத்தின் ஊடே அம்ப்ளர் சுரங்க வட்டாரத்துக்கு வழிவிடும் ஒரு ஷரத்தையும் உள்ளே வைத்துவிட்டது. அதன் பேரில் தீட்டப்பட்ட 211 மைல் சாலைத் திட்டத்தை 2024இல் அமெரிக்க உள்துறை மறுத்தது. 2025இல் ஆட்சி மாறியபின் அனுமதி கொடுக்கப்பட்டது. இந்த மலைகளுக்குப் போக நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த விவகாரத்தைக் கவனித்து வரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். ஒரு சாலை போட்டுவிட்டால், சாலையில்லாத நாட்டை எந்தச் சட்டத்தாலும் மறுபடி உண்டாக்க முடியாது.

இனி வரைபடத்துக்கு வருவோம். அலாஸ்காவுக்கென்று அமெரிக்க நிலவியல் அளவைத் துறை வெகுகாலமாக வெளியிட்டுவந்த படங்களில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும்; இந்த மலைப்பகுதியில் நூறு அடி உயரத்துக்கு ஒரு கோடு வரைந்திருப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே தொண்ணூறு அடிச் செங்குத்துப் பாறை ஒன்று படத்தில் தோன்றாமலே மறைந்திருக்கலாமென்பது இதனால் விளங்கும். ஆகவே கணவாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பதிலாக இன்னொன்றையும், அதுவும் கைகொடாவிட்டால் எந்தப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி எந்த ஏரிக்குப் போவது என்பதையும், சேர்த்தே தேர்ந்தெடுத்துக்கொள்ளவேண்டும். செயற்கைக்கோள் படங்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் அடர்ந்த பச்சையாகத் தெரிவது ஆளுயர வில்லோ, ஆல்டர் புதர்கள், கூடியவரையில் தவிர்க்கவேண்டியவை. ஆற்றோரத்தில் வெளுத்துத் தெரியும் சரளைத் திட்டுகளும், முகட்டு வரிசைகளும் நடப்பதற்கு உகந்தவை. கரிபூ மான்களின் தடம் கண்ணில் பட்டால் தயங்காமல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். மலையைக் கடக்கும் சுலபமான வழியை அவை தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கின்றன. அந்தத் தடமும் பத்துக் கிளையாகப் பிரிந்து திடீரென்று மறைந்துபோவதுண்டு.

புதியவர்கள் எல்லாரும் இடறும் இடம் தூரக் கணக்குத்தான். நல்ல பாதையில் நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் சுலபமாக நடக்கிறவன், அதே கணக்கைப் புரூக்ஸ் மலைக்கும் போட்டுவிடுகிறான். இங்கே நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மைல், அதாவது எட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுவதே விவேகம் என்பது அனுபவஸ்தர்களின் வாக்கு. காரணம் காலுக்கடியில் இருக்கிறது. சற்று ஆழத்தில் மண் வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கிறது. மேலே விழும் ஜலம் கீழே இறங்க வழியின்றி மேற்பரப்பிலேயே தேங்கிவிடுகிறது. அதனால் மழை அதிகமில்லாத பிரதேசமாக இருந்தும் பள்ளத்தாக்கெல்லாம் சதுப்பு. அந்தச் சதுப்பில் பஞ்சுப்புல் என்ற ஒருவகைக் கோரை, வருஷா வருஷம் தன் பழைய தாள்களின் மேலேயே வளர்ந்து, முழங்கால் உயரத்துக்குக் குமிழ் குமிழாக எழும்பி நிற்கிறது. இவற்றை டஸ்ஸக் என்கிறார்கள். சேற்று வயல் ஒன்றில் பெரிய பெரிய பனங்காய்களை நெருக்கமாகப் பரப்பி, முதுகில் இருபது கிலோ மூட்டையோடு அவற்றின்மேல் நடக்கச் சொன்னால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும். குமிழின் தலையில் கால் வைத்தால் அது ஒருபக்கமாகச் சாய்ந்து கணுக்காலை மடக்குகிறது. குமிழ்களின் நடுவே வைத்தால் புல்லால் மூடிய சந்தில் கால் புதைந்து, குளிர்ந்த ஜலம் பூட்ஸுக்குள் ஏறுகிறது. ஒவ்வோர் அடிக்கும் கண் கீழேயே இருக்கவேண்டியிருப்பதால் சுற்றிலுமுள்ள மலைகளைப் பார்ப்பதற்குக்கூட நின்றுதான் பார்க்கவேண்டும். ஒரு மைலைக் கடக்க இரண்டு மணி நேரம் பிடித்தால் அதில் அதிசயமில்லை. படத்தில் சமதளமாக, அழகாக, கோடுகளே இல்லாமல் வெள்ளையாகத் தெரியும் இடம் அநேகமாக இதுதான். சற்றுச் செங்குத்தானாலும் உலர்ந்த சரிவில் ஏறிச் சுற்றிப்போவதே அங்கே குறுக்கு வழி.

அடுத்தது ஆறு. இமயமலையில் பனிப்பாறை உருகி வரும் ஆறுகளை விடியற்காலையில் கடக்கவேண்டும் என்பது பிரசித்தமான விதி; இரவுக் குளிரில் உருகல் குறைந்து வெள்ளம் தணிந்திருக்கும். புரூக்ஸ் மலையில் பனிப்பாறைகள் சிறியவை, சொற்பமானவை. அங்கே வெள்ளத்தைத் தீர்மானிப்பது மழை. உறைந்த மண் மழையைக் குடிக்காதாகையால், மேல்மலையில் பெய்தது சில மணி நேரத்திலேயே ஆற்றில் கலந்து, காலையில் முழங்காலளவு ஓடியது மாலையில் இடுப்புக்கு மேல் வந்துவிடும். ஆகவே ஆற்றைக் கடக்கும் நாளுக்கு மறுநாளைக் கணக்கில் காலியாக விட்டு வைக்கவேண்டும். வெள்ளம் வடியும்வரையில் கரையில் கூடாரம் போட்டுக் காத்திருப்பதற்கு அந்த நாள். குறுகலான இடத்தில் ஜலம் ஆழமாயும் வேகமாயும் இருக்கும். பல கால்களாகப் பிரிந்து அகன்று ஓடுமிடத்தில்தான் இறங்கவேண்டும். பூட்ஸைக் கழற்றக்கூடாது. மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்கவேண்டும். விழுந்தால் மூட்டையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க அதுவே வழி.

போவதும் திரும்புவதும் ஆகாயமார்க்கமாக. ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து பெட்டில்ஸ் என்ற குக்கிராமத்துக்கு ஒரு விமானம்; அங்கிருந்து மிதவை பொருத்திய சிறு விமானத்தில் ஏரி ஒன்றுக்கோ, பருத்த சக்கரம் பொருத்தியதில் சரளைத் திட்டு ஒன்றுக்கோ கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மூட்டையை மட்டுமல்லாமல் ஆளையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். உயரத்திலுள்ள ஏரிகளில் ஜூன் பிற்பகுதி வரையிலும் பனிக்கட்டி மிதக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுவதும் கொசுக்களின் ராஜ்யம். ஆகஸ்டு பிற்பாதியில் கொசு ஓய்ந்து டன்ட்ரா செந்நிறமாகும்போது பனி விழத் தொடங்கலாம். இவற்றுக்கு நடுவே தேதியைக் குறித்துவிட்டாலும், அன்று மேகம் கணவாயை மூடினால் விமானம் வராது. மறுநாளும் வராமற் போகலாம். விமானியின்மேல் கோபித்துக்கொள்ளுவதில் பயனில்லை. வராத விமானியே நல்ல விமானி. எட்டு நாள் நடைக்குத் திட்டமிடுகிறவன் பதினோரு நாளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொள்ளவேண்டும். ஊர் திரும்பும் பெரிய விமானத்துக்கு அதற்கும் இரண்டு நாள் கழித்தே சீட்டு வாங்கவேண்டும். என் அபிப்பிராயத்தில், இந்த உபரி நாட்களை எங்கெங்கே வைக்கிறோம் என்பதுதான் திட்டம். மற்றதெல்லாம் அதன் விவரம்.

சாப்பாட்டைக் கரடி திறக்கமுடியாத கெட்டியான டப்பாக்களில் அடைத்துப் போகவேண்டும்; பூங்கா அலுவலகத்தில் இரவலாகக் கொடுக்கிறார்கள். அதன் கொள்ளளவே பல சமயம் யாத்திரையின் நீளத்தைத் தீர்மானித்துவிடுகிறது. சமைக்குமிடம் கூடாரத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளியிருக்கவேண்டும். அடுப்பு எரிபொருளைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஃபேர்பேங்க்ஸிலோ பெட்டில்ஸிலோ முன்கூட்டிச் சொல்லி வாங்கவேண்டும். மலைத்தொடரின் நீர்ப்பிரிமுகட்டுக்கு வடக்கே ஏறக்குறைய மரமே இல்லையாதலால் சுள்ளியை நம்பிப் போகக்கூடாது. கரடியை விரட்டும் மிளகாய்த் தூவியையும் சிறு விமானத்தில் பயணிகளருகே வைக்கவிடாமல், மிதவைக்குள்ளே தனியாகப் பூட்டிக் கொண்டுவருவார்கள். இறங்கியவுடன் மறவாமல் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

ஜனசஞ்சாரமில்லாத பூமி என்று இதை எழுதிவிடுவது தவறு. பூங்காவின் எல்லைக்குள்ளேயே அனக்டுவுக் பாஸ் என்ற ஊர் இருக்கிறது. கரிபூக்களைப் பின்தொடர்ந்து வாழ்ந்துவந்த நுனாமியுத் மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நிலைகொண்டார்கள். இன்றும் அவர்களுடைய உணவில் பெரும்பங்கு வேட்டையிலிருந்தே வருகிறது. ஊரைச் சுற்றிய நிலத்தில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்தம். அங்கிருந்து நடையைத் தொடங்குகிறவர்கள் எந்த நிலத்தில் கூடாரம் போடலாம் என்று விசாரித்துக்கொண்டு போகவேண்டும். கரிபூக்கள் வரும் பருவத்தில் கணவாயின் வாயிலில் முகாம் போட்டு மந்தையைத் திசைதிருப்பிவிடக்கூடாது. நமக்கு விடுமுறையாக இருப்பது அவர்களுக்கு வருஷ உணவு.

கடைசியாக ஒரு காகிதம். இறங்கும் ஏரி, ஏறும் ஏரி, நடுவிலுள்ள கணவாய்கள், மாற்று வழிகள், கூடாரத்தின் நிறம், விமானம் வரும் தேதி இவற்றை எழுதி, ஒரு பிரதியை விமானியிடமும் இன்னொன்றைப் பூங்கா அலுவலகத்திலும் மூன்றாவதை வீட்டில் நிதானமுள்ள ஒருவரிடமும் கொடுக்கவேண்டும். எந்தத் தேதிவரையில் செய்தி வராவிட்டாலும் கவலைப்படக்கூடாது, எந்தத் தேதி தாண்டினால் யாரை அழைக்கவேண்டும் என்ற இரண்டையும் அதில் தெளிவாகக் குறிக்கவேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவி இப்போது பலரிடமும் இருக்கிறது. ஆனால் குறுகிய பள்ளத்தாக்கில் அது வானத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், செய்தி போய்ச் சேர்ந்தாலும் உதவிக்கு வரும் விமானத்தை அதே மேகம்தான் தடுக்கும். வீட்டிலிருப்பவருக்கு இதை முன்பே விளக்கிச் சொல்லி, முதல் தேதிக்கும் இரண்டாவது தேதிக்கும் இடையில் நான்கு நாளாவது விட்டு எழுதிக் கொடுங்கள்.

(தொடரும்)