புதுவீட்டுக் குப்பையும் ஏடிஸ் கொசுவும்

புதிய தாமானுக்குக் குடிவந்ததும், உங்கள் சாலைக்குக் குப்பை லோரி எந்தெந்த நாளில் வருகிறது என அண்டை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூர், பகாங், ஜொகூர், கெடா போன்ற இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்குப்பை எடுக்கப்படும். மறுசுழற்சிப் பொருள்கள், தோட்டக் கழிவு, பழைய மெத்தை, நாற்காலி ஆகியவற்றுக்கு ஒரே நாள்தான்.

அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் மேலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். வாசலில் போட்ட பால் டின்னில் மழைநீர் தேங்கினால், ஏடிஸ் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். டிங்கி காய்ச்சலைப் பரப்புவது இந்தக் கொசுதான்.

டின், புட்டிகளை அலசி, நீரை வடித்து, பையில் கட்டிக் கூரையின் கீழ் வையுங்கள். வீடு மாறியபோது சேர்ந்த அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டுங்கள். நனைந்த அட்டை மறுசுழற்சிக்கு உதவாது.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற வாளி, பூச்சாடித் தட்டு, டயர் ஆகியவற்றையும் பாருங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிந்துவிடும். வைத்துக்கொள்ளும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். குப்பைத் தொட்டியை எப்போதும் மூடியே வையுங்கள்.

வீட்டில் எவருக்காவது திடீரென்று கடுங்காய்ச்சல் கண்டால், உடனே அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.